வாங்கின மீன்

இன்று காலை பெரிய மார்க்கெட்டில் ஒரு பிடி நெத்திலி என்னைத் தடுத்து நிறுத்திவிட்டது. சங்கரா மீன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மீன்காரப் பெண் புதியவள், சின்ன வயது. "இத கொசுறா வச்சிக்கோ ஆயா" என்று ஒரு கை நெத்திலியை அள்ளி நீட்டினாள். எனக்குக் கை போகவில்லை. பின்னால் நிற்பவர்கள் இடிக்கிறார்கள், மீன் கழுவின தண்ணீர் செருப்பை நனைக்கிறது, நான் அந்த நெத்திலியையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வாங்கிக்கொள் என்று யாராவது சொல்ல வேண்டும், அல்லது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டையும் எனக்குச் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் மீனைக் கழுவாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். சமையலறையிலிருந்து கவிச்சி வாடை வருகிறது. சன்னலில் ஒரு பூனை வந்து உட்கார்ந்திருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

நாம் படித்த படிப்புக்கு இப்போது மனிதவள மேலாண்மை என்று பெயர். மூலக்குளத்தில் என் எதிர்வீட்டுப் பெண் அதைத்தான் முதுகலையில் படிக்கிறாள். நானும் அதே படிப்புதான் என்று சொன்னபோது, அந்தக் காலத்திலேயே இருந்ததா என்று கேட்டாள். இருந்தது, பெயர்தான் வேறு. தொழிலாளர் நலமும் ஆள் நிர்வாகமும். சென்னையில் இரண்டு வருஷப் படிப்பு. நம்முடன் சேர்ந்த பெண்கள் எல்லாரும் குழந்தைகள் நலம், குடும்ப நலம் என்று போய்விட, ஆண்பிள்ளைகள் நிறைந்த அந்த வகுப்பில் நீயும் நானும் மட்டும் பின்பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு பேரும் புதுச்சேரி. ஆனால் அங்கே போய்த்தான் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டோம். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து வளர்ந்தவள். ஐம்பத்துநாலில், ஊர் இந்தியாவின் கைக்கு வந்த வருஷத்தில்தான் சென்னைக்கு பி.ஏ. படிக்கப் போனேன். என் இங்கிலீஷ் நொண்டும். நீ மில்லுக்குப் பின்னால் இருந்த தெருவில் பிறந்து கடலூரில் இங்கிலீஷ் படித்தவள். என் கட்டுரைகளில் நீ திருத்தாத வரி கிடையாது. "இன்னாடி இது, பிரெஞ்சுக்காரன் இங்கிலீஷ் பேசறாப்பல இருக்கு" என்பாய்.

முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் ஒவ்வொருவரிடமும் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டுக்கொண்டு வந்தார். எல்லாரும் நாடு, தொழில் வளர்ச்சி என்று பெரிதாகச் சொன்னார்கள். உன் முறை வந்தபோது எழுந்து நின்று, "எங்க அப்பா மில் மேஸ்திரி சார். ஆள் எடுக்கிறதுதான் அவருக்கு வேலை. அதுக்கு ஒரு படிப்பு இருக்குன்னு தெரிஞ்சது, வந்துட்டேன்" என்றாய். வகுப்பு சிரித்தது. உனக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அவ்வளவு பெருமை உனக்கு உன் அப்பா மேல்.

அந்தப் பெருமைக்குக் காரணமும் இருந்தது. விடியற்காலையில் மில் கேட்டுக்கு வெளியே பதிலி ஆட்கள் வந்து நிற்பார்கள். நிரந்தர வேலைக்காரர்கள் யார் வரவில்லையோ அவர்கள் இடத்துக்கு அன்றைக்கு மட்டும் போகிறவர்கள் அவர்கள். சங்கு ஊதியதும் உன் அப்பா வெள்ளைச் சட்டையில் வெளியே வந்து, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து, "நீ, நீ, அங்க நிக்கறியே நீ" என்று விரலை நீட்டுவார். விரல் யார் மேல் விழுந்ததோ அவர்களுக்கு அன்றைக்குக் கூலி, விழாதவர்களுக்கு வீட்டுக்கு நடை. யாருக்குப் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளும், யார் நூல் அறுந்தால் உடனே முடிச்சுப் போடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி என்று நீ சொல்வாய். ஆள் தேர்வு பற்றி வகுப்பில் எது நடத்தினாலும், எங்க அப்பா இதைப் பார்வையிலேயே செய்துவிடுவார் என்று என் காதில் கிசுகிசுப்பாய்.

விடுமுறையில் முதல்முறை உன் வீட்டுக்குச் சாப்பிட வந்ததை மறக்கவே முடியாது. வஞ்சிரம் வறுவல், வவ்வால் மீன் குழம்பு. எங்கள் வீட்டில் சம்பளம் வாங்கின வாரத்தில்தான் வஞ்சிரத்தைப் பார்ப்போம். தினமுமா இப்படி என்று உன் அம்மாவைக் கேட்டேன். அம்மா பெருமையாகச் சிரித்து, எல்லாம் கொல்லைக் கதவு வழியாக வருவதுதான், ஜனங்களுக்கு மேஸ்திரி மேல் அவ்வளவு பிரியம் என்றார்கள். உன் அப்பா நல்லவர்தான். என்னைப் பார்த்து "பொன்ழூர் மத்மஸேல்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக் கிண்டலாகக் கும்பிட்டுவிட்டு, தன் இலையில் இருந்த வயிற்றுத் துண்டை எடுத்து என் இலையில் வைத்தார். நான் ருசித்துச் சாப்பிட்டேன்.

இரண்டாம் வருஷம் ஆய்வு. எந்தத் தொழிற்சாலையையும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நீ உன் ஊர் மில்லையே எடுத்தாய், அதிலும் பதிலி ஆட்களையே எடுத்தாய். நானும் அதே மில்லில் வேறொரு தலைப்பை எடுத்துக்கொண்டு உன்னோடு ஒட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இருக்கிற ஊர்களுக்குப் போய்க் கேள்வி கேட்பது என்று ஏற்பாடு. அந்த ஞாயிறு பிள்ளைச்சாவடி. கடலுக்குப் போகிற குடும்பங்கள்தான் எல்லாமே. ஆனால் கடலை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாமல் பெண்கள் மில்லில் நூல் சுற்றும் பிரிவுக்குப் பதிலி வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து மணலிலும் ரோட்டிலுமாக நடந்து வருவார்கள்.

மேஸ்திரி மகள் வந்திருக்கிறாள் என்று நம்மை என்னமாக வரவேற்றார்கள். பாய் விரித்தார்கள், இளநீர் வெட்டினார்கள். நீ வகுப்பில் கற்றபடி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பொதுவாகப் பேசிப் பழகி, பிறகு கேள்விக்கு வந்தாய். வேலைக்கு எடுக்கும் முறை எப்படி? திருப்தியா? வேலை கிடைக்க யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கிறதா? எல்லா வீட்டிலும் ஒரே பதில். மேஸ்திரி தெய்வம். ஒன்றும் கொடுப்பதில்லை. குறையே இல்லை. உன் முகம் வீட்டுக்கு வீடு பிரகாசமாகிக்கொண்டே போனது.

கிளம்பும்போதுதான் அந்த மீன்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஓலையில் சுற்றி ஒன்றை நீட்டினார்கள். நீ ஒன்றைக்கூட வாங்கவில்லை. பதில் சொல்கிறவரிடம் ஆய்வாளர் எதையும் பெறக்கூடாது என்பது வகுப்பில் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். நீ படு கறாராக இருந்தாய். அஞ்சலை என்று ஒருத்தி, நூல் சுற்றும் பிரிவுப் பதிலி, நம்மைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள், ரோடு வரைக்கும் பின்னாலேயே வந்து கெஞ்சினாள். நீ சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாங்கா, நான் வாங்கக்கூடாது" என்று முடித்துவிட்டாய். பஸ்ஸில் வரும்போது நம் நேர்மையை நாமே மெச்சிக்கொண்டோம். அந்த ஊர் அன்று எப்படித் தூங்கியிருக்கும் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை உன் வீட்டுக் கூடத்தில் பதில்களை வகைபிரித்துக்கொண்டிருந்தோம். உன் அப்பா விடியலில் போனவர் இன்னும் வரவில்லை. வெயில் ஏறின நேரத்தில் கொல்லைப் பக்கம் ஆள் சத்தம் கேட்டது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, உன்னைத்தான் கேட்கிறார்கள் என்றார்கள். போனால் அஞ்சலையும் இன்னும் சில பெண்களும் நிற்கிறார்கள். முந்தின நாள் நாம் பார்த்த அதே முகங்கள், ஆனால் ரத்தம் வற்றிப்போன மாதிரி இருந்தன. அஞ்சலை கையில் ஒரு கொடுவா மீன். கைக்குழந்தையைத் தாங்குவது போல இரண்டு கையிலும் தாங்கியிருந்தாள். அவ்வளவு பெரிது.

அன்று கேட்டில் அவர்களைக் கூப்பிடவில்லை. உன் அப்பாவுக்கு அதில் ஒரு நோக்கமும் இல்லை. நாம் பிள்ளைச்சாவடிக்குப் போனதே அவருக்குத் தெரியாது. ஆட்கள் அன்றைக்குக் குறைவாகத் தேவைப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் அதை எப்படிப் படித்தார்கள் என்பதை அஞ்சலையே சொன்னாள்.

"நேத்து குடுத்தது சிறுசுன்னு நீ வாங்கல. தப்புதாம்மா. எங்க ஊட்டுக்காரரு வெடியல்ல கடலுக்குப் போயி இத புடிச்சாந்தாரு. நீ வாங்கிக்கிட்டாதான் நாளைக்கி எம் மூஞ்சி ஒங்கப்பா கண்ணுல படும்."

உள்ளே கூடத்தில் "ஒன்றும் கொடுப்பதில்லை" என்று நீ எழுதி அடுக்கின தாள்கள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. உன் அம்மா பின்னாலிருந்து, பழக்கத்தில், மீனை வாங்கக் கை நீட்டினார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ பிறந்ததிலிருந்து சாப்பிட்ட ஒவ்வொரு மீனும் அப்போது உன் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். எனக்கே அந்த வயிற்றுத் துண்டு ஞாபகம் வந்தது.

வாங்கினால் நீயும் அந்த கேட்டில் உன் அப்பா பக்கத்தில் நிற்கிறாய். வாங்காவிட்டால் அவர்கள் வயிற்றில் அடிக்கிறாய். வகுப்பில் இதற்கு யாரும் விடை சொல்லித் தரவில்லை. நீ அந்தக் கொடுவாயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாய். அம்மாவிடம் கொடுத்து, முழுவதையும் இப்போதே ஆக்கு என்றாய். பிறகு அவர்களைப் பார்த்து, "சாப்ட்டுட்டுத்தான் போவணும். உள்ள வாங்க" என்றாய். கொல்லையைத் தாண்டி அந்த வீட்டுக்குள் அவர்கள் யாரும் வந்ததே இல்லை. வேண்டாம் என்று பின்வாங்கினார்கள். நீ அஞ்சலையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார வைத்தாய். தாள்களையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு வாழையிலை போட்டாய். நான் சோறு போட்டேன், நீ குழம்பு ஊற்றினாய். அவர்கள் கொண்டுவந்த மீனை அவர்கள் இலையிலேயே வைத்தாய்.

அவர்கள் பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது உன் அப்பா வந்துவிட்டார். வாசற்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றார். எல்லாருக்கும் கை நின்றுவிட்டது. அஞ்சலை எச்சில் கையோடு எழப் பார்த்தாள். நீ அவள் தோளை அழுத்தினாய்.

"ஒக்காருக்கா. இது நீ கொண்டாந்தது."

நீ சொன்னது அவளிடம், கேட்க வேண்டியவர் வாசலில் நின்றார். அவர் உள்ளே வராமலே திரும்பி, செருப்பை மாட்டிக்கொண்டு, மில்லுக்கே போய்விட்டார். அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை என்று அம்மா பிறகு அழுதார்கள். அந்த வாரத்திலேயே, வீட்டுக்கு யாரும் எதையும் கொண்டுவரக்கூடாது என்று கேட்டில் அவரே கத்திவிட்டார். அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. பிரியமாகக் கொடுப்பதையும் வேண்டாம் என்பதா, படிப்பு உன்னை இப்படியா ஆக்கிவிட்டது என்று புலம்பினார்கள். உன் அப்பா அதன்பிறகு வீட்டில் மீனே தொடவில்லை. நீ பரிமாறினால் சாப்பிடாமல், அம்மா வரும்வரை காத்திருந்தார்.

ஆய்வை என்ன செய்வது என்பதுதான் அப்புறம் உன்னைத் தின்ற கேள்வி. பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னாய். அவர் நல்ல மனுஷர். வேறு மில்லுக்கு மாற்றிக்கொள், தாமதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அல்லது மேஸ்திரி என்று மட்டும் எழுதிவிட்டு உறவைச் சொல்லாமல் விட்டுவிடு என்றார். நீ இரண்டையும் கேட்கவில்லை. நீ வாங்கின பதில்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அதே கேள்விகளோடு என்னைத் தனியாக அனுப்பினாய். நான் மேஸ்திரி வீட்டு ஆள் இல்லை, யாருக்கும் என்னால் நல்லதோ கெட்டதோ இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார்கள். மீன் மட்டுமில்லை, கீரை, கோழி, வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் என்று எல்லாம் வந்தது. யாரும் கேட்டதில்லை, ஆனால் கொடுக்காமல் இருந்து பார்க்கும் தைரியம் யாருக்கும் இல்லை. நான் வந்து சொன்னதை நீ தலைகுனிந்து எழுதிக்கொண்டாய். ஒருமுறைகூட, நிஜமாகவா என்று என்னைக் கேட்கவில்லை.

ஆய்வேட்டை அட்டை கட்டி அனுப்புவதற்கு முன்னால் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். துணைக்கு என்னை உட்கார வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் எழுதினதை வரிவரியாகத் தமிழில் சொன்னாய். உன் அப்பா மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும், தன் பெயர் அதில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, ஆனால் மேஸ்திரி என் தகப்பனார் என்று முன்னுரையில் இருக்கிறது என்றாய். அதற்குப் பெயரையே எழுதியிருக்கலாமே என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எழுந்து போகிறவர் நின்று, "நான் யாரையும் கேட்டு வாங்கல" என்றார்.

"கேக்காமயே குடுக்க வச்சிட்டீங்கப்பா."

நீ அதைச் சொன்னபோது உன் குரல் உடைந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நீ அந்தத் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நான் பார்க்கிறேன் என்றுகூட இல்லாமல் அழுதாய். அவரை அவ்வளவு நேசித்தாய். எழுதுவதை நிறுத்திவிடு என்று என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தாலும் நீ கேட்டிருக்க மாட்டாய்.

வாய்மொழித் தேர்வு நாளில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உன்னை விடவில்லை. கிராமத்து மரியாதைக்கும் கட்டாயத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதியிருக்கிறாய், அன்பளிப்பு கொடுப்பது நம் வழக்கம், இதை முறைகேடு என்று எப்படிச் சொல்கிறாய், ஆதாரம் என்ன என்று மடக்கினார். நான் கதவுக்கு வெளியே என் முறைக்காக நின்றிருந்தேன், எல்லாம் கேட்டது. நீ சொன்ன பதிலும் கேட்டது.

"அத சாப்ட்டு வளந்தவ சார் நான்."

இங்கிலீஷில் நடந்த தேர்வில் நீ தமிழில் பேசின ஒரே வாக்கியம் அது.

ஊருக்குத் திரும்பினோம். எனக்கு வேறு ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. உன் மில்லில் ஆள் நிர்வாகத்துக்கென்று புதிதாக ஓர் அதிகாரி இடம் உண்டாக்கி உன்னையே கூப்பிட்டார்கள். மேஸ்திரி செய்த வேலையை இனி நீ செய், நீ படித்தவள், நியாயமாகத் தேர்ந்தெடுப்பாய் என்றார்கள். நீ, நான் விரல் நீட்ட மாட்டேன், யாரும் நீட்டக் கூடாது, அதற்கு ஒப்புக்கொண்டால் வருகிறேன் என்றாய். பதிலி ஆட்கள் சாப்பாட்டுத் தூக்குகளை மில் சுவர் ஓரமாக வைத்துவிட்டு நிற்பது வழக்கம். அதையே வரிசையாக்கினாய். முன்னால் இருக்கிற தூக்குக்காரர் முதலில் உள்ளே போவார். இன்று உள்ளே போனவரின் தூக்கு நாளைக்கு வால் பக்கம். இன்று வீடு திரும்பினவர் நாளைக்கு முன்னால் நிற்பார். எல்லாரும் பார்க்கிற வெளிச்சத்தில் நடந்தது, அதனால் யாரும் யாருக்கும் எதையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முதல் சில நாட்கள் பழக்கதோஷத்தில் உன் மேசைக்கே கருவாடு வந்தது என்றாய். வாங்கி, மதியம் அவர்களோடே உட்கார்ந்து சாப்பிட்டாயாம்.

உன் அப்பா உள்ளே தறிகளுக்கு மேஸ்திரியாக இருந்தார். கேட்டில் அவருக்கு வேலை இல்லை. இருந்தாலும் விடியலில் அதே வெள்ளைச் சட்டையோடு வந்து, கேட்டுக்குள்ளே நின்று, தூக்கு வரிசை நகர்வதைப் பார்த்துவிட்டுப் போவார் என்று நீ சொல்வாய். ஒரே வீடு, ஒரே மில், பேச்சு இல்லை. நீ மெலிந்துபோனாய். ஜெயித்தவள் மாதிரியே நீ இல்லை. நான் செய்தது சரி, ஆனால் எனக்கு அப்பா இல்லை என்று ஒருமுறை கடற்கரையில் சொன்னாய். கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாய்.

அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. யார் பிரெஞ்சுக் குடிமகன், யார் இந்தியன் என்று எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே விவாதம். என் வீட்டார் பிரான்சுக்குப் போக முடிவு செய்ய, நான் மட்டும் இருந்துகொள்கிறேன் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த நாட்கள். அப்படி ஒரு நாள், வீட்டுச் சத்தம் தாங்காமல் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் கடைகளுக்கு நடுவில் உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். அந்த வருஷம்தான் அவர் மில்லிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கக்கத்தில் குடை. ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போகிறார், குனிகிறார், நிமிர்கிறார், நகர்கிறார். ஏதோ தொலைத்தவர் மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் மத்மஸேல் என்று கிண்டல் செய்யவில்லை.

"மீனு எப்டிம்மா பாத்து வாங்கறது?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அத்தனை மீன் சாப்பிட்ட மனுஷர், ஒரு மீன்கூட வாங்கினதில்லை. செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா பார்க்க வேண்டும், கண் குழி விழுந்திருக்கக் கூடாது, அழுத்தினால் சதை எழும்ப வேண்டும் என்று நான் காட்டிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். ஒரு கொடுவாயை எடுத்தார். கடைக்காரம்மா பிள்ளைச்சாவடிப் பக்கம்தான், அவரை அடையாளம் தெரிந்துகொண்டு, எடுத்துக்கிட்டுப் போங்க மேஸ்திரி, உங்ககிட்ட காசு வாங்குவேனா என்றாள். அவர் முகம் கறுத்துவிட்டது. விலை சொல், சொன்னால்தான் எடுப்பேன் என்று குரலை உயர்த்தினார். அவள் பயந்துபோய் ஏதோ ஒரு விலை சொன்னாள். கொள்ளை விலை. நான் பேரம் பேச வாயைத் திறப்பதற்குள் அவர் எண்ணிக் கொடுத்துவிட்டார்.

ஓலையில் சுற்றி வாங்கிக்கொண்டவர் நகராமல் நின்றார். "நீயும் கூட வாம்மா. நான் சொன்னா நம்பமாட்டா" என்றார்.

சாட்சிக்குக் கூப்பிட்டார். பெற்ற மகளிடம் ஒரு மீனைக் கொடுக்க அவருக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. வழியெல்லாம் மீன் தண்ணீர் அவர் வேட்டியில் சொட்டிக்கொண்டே வந்தது, அவர் துடைக்கவில்லை.

நீ அப்போதுதான் மில்லிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாய். அவர் கொல்லைப் பக்கம் சுற்றிப் போகாமல் முன்வாசல் வழியாகவே வந்து, கூடத்தைத் தாண்டி, உன் முன்னால் அதை நீட்டினார்.

"இது வாங்கினது" என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீ அதை வாங்கினாய். அம்மா வந்து, நான் அரிகிறேன் என்றபோது கொடுக்கவில்லை. அருவாமணையைப் போட்டு நீயே உட்கார்ந்தாய். அவர் எதிரில் மணையைப் போட்டுக்கொண்டு நீ அரிவதைப் பார்த்தபடி இருந்தார். பாதியில் நீ தலை நிமிராமல், என்ன விலை கொடுத்தீர்கள் என்று கேட்டாய். சொன்னார்.

"நல்லா ஏமாத்திட்டாங்கப்பா" என்றாய்.

அவர் சிரித்துவிட்டார். நீயும் சிரித்தாய், கண்ணிலிருந்து தண்ணீர் மீன் மேல் விழுந்தது. அன்று நீ பரிமாறினாய், அவர் சாப்பிட்டார். வயிற்றுத் துண்டை எடுத்து என் இலையில் வைக்கப் போனவர், ஒரு நிமிஷம் நிறுத்தி, "வைக்கலாமா?" என்று கேட்டார். வையுங்கள் என்றேன்.

அதற்குப் பிறகு நமக்கு நீண்ட வாழ்க்கை இருந்தது. உனக்கும் எனக்கும் வெவ்வேறு ஆலைகள், எத்தனையோ பேரை வேலைக்கு எடுத்தோம், சிலரை அனுப்பவும் செய்தோம். தீபாவளிக்கு முன்னால் என் மேசைக்கு இனிப்புப் பெட்டி வரும்போதெல்லாம் உன் குரல் கேட்கும், கேட்காமலே கொடுக்க வைத்தாயா என்று. சில சமயம் கேள்விக்குப் பதில் எனக்குப் பிடித்ததாக இருக்காது. அப்போது பெட்டியைப் பிரித்து அங்கேயே எல்லாருக்கும் கொடுத்துவிடுவேன், கொண்டுவந்தவருக்கு முதலில். அதை உன்னிடம்தான் எடுத்துக்கொண்டேன். உன்னைக் கொண்டுபோன அன்று அஞ்சலையின் மகள் வந்திருந்தாள். அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் உன் பேச்சுதான் என்றாள். வாசல் நிறைய ஆட்கள். நான் ஒரு மூலையில் நின்றேன். என்னைவிட அதிகமாக அழுதவர்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இன்று காலை அந்த நெத்திலிக்கு முன்னால் நின்றபோதும் அதே கேள்விதான். கடைசியில் அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டேன், கொசுறு எனக்கு மட்டுமா, எல்லாருக்கும் கொடுக்கிறாயா என்று. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எல்லாருக்கும்தான் ஆயா. ஒருத்தருக்குக் குடுத்து ஒருத்தருக்கு இல்லன்னா கடைய நடத்த முடியுமா?"

கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். பூனை இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது, எழுந்து மீனைக் கழுவ வேண்டும். என் வீட்டுக்கு எப்போது மீன் வந்தாலும் அருவாமணை முன்னால் உட்கார்ந்ததும் வாய்விட்டு ஒன்று சொல்வேன். நீ வந்திருக்கும் நாட்களில் அதைக் கேட்டுச் சிரிப்பாய். இப்போது கேட்க ஆள் இல்லாத வீடு. இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன், நீ கேட்டுக்கொள். இது வாங்கினது.